நத்தையின் நரம்பும் படைப்புழு மருந்தும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் முதலிய கரிசல் பிரதேசங்களில் மானாவாரியாக விதைக்கப்படும் பயிர்களுள் மக்காச்சோளம் இப்பொழுது பிரதான ஸ்தானத்தை அடைந்திருக்கின்றது. கம்பும் சோளமும் கருங்கண்ணிப் பருத்தியும் நின்ற புஞ்சைகள் பலவற்றில் இன்று அதுவே நிற்கின்றது. 2018-ஆம் வருஷம் மே மாதத்தில் கர்நாடகத்துச் சிவமொக்கா பக்கம் முதன் முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட அமெரிக்கன் படைப்புழு, அவ்வருஷப் பருவத்திலேயே இப்பிரதேசத்திற்கும் வந்து, குருத்துக்குள் புகுந்து பயிரை அழித்ததை விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். அது முதல் பருவந்தோறும் கேட்கப்படும் முறைப்பாடு ஒன்றுண்டு. மூன்று கடைகளில் மூன்று பெயருள்ள மருந்துகளை வாங்கி அடித்தும் புழு சாகவில்லை என்பதே அது.

மூன்று பெயர்களும் மெய்யாகவே மூன்று மருந்துகள்தாமா என்பதை முதலில் விசாரிக்கவேண்டும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் உள்ள பெயர் வியாபாரத்திற்காக வைக்கப்பட்டது. புழுவின் சரீரத்தினுள் அம்மருந்து எந்த இடத்தைப் பிடிக்கின்றது என்பதை அப்பெயர் சொல்லுவதில்லை. பூச்சிமருந்துகளில் பெரும்பாலானவை நரம்பைப் பிடிப்பவை. ஆகையால் நரம்பு வேலை செய்யும் விதத்தைச் சிறிதளவேனும் அறிந்துகொண்டவர், மருந்துக்கடையில் கொடுக்கும் பணத்திற்குக் கணக்குக் கேட்க வல்லவராவார். இதனை அறிவதற்கு நத்தையினத்திலிருந்து தொடங்குவது சுலபம். விஞ்ஞானிகளும் இவ்விஷயத்தில் பெரும்பகுதியை அவ்வினத்தினிடமிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

நத்தையை ஆராய்ந்த காரணம்

மனிதனுடைய மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தனியே பிரித்து, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது மிகவும் கஷ்டம். நத்தை, மட்டி, கடல்முயல் முதலிய முதுகெலும்பற்ற ஜந்துக்களுக்கோ நரம்பு அணுக்கள் சொற்பம். அவற்றிற் பல மிகப் பெரியவை. கடல்முயல் என்பது நத்தைக்கு உறவான கடற்பிராணி. அவ்வினத்தைச் சேர்ந்தவை தூத்துக்குடியை அடுத்த மன்னார் வளைகுடாவிலும் உண்டு. கலிபோர்னியாக் கடலில் வாழும் கடல்முயலுக்கு மொத்தம் 20,000 நரம்பு அணுக்களே இருக்கின்றன. அவற்றுள் பெரியது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமுடையது. பூதக்கண்ணாடி இன்றியே கண்ணுக்குப் புலப்படும். அத்தகைய அணுவினுள் நுண்ணிய கண்ணாடி ஊசியைச் செலுத்தி, அதில் ஓடும் மின்சாரத்தை அளந்து பார்க்க இயலும்.

நரம்பு அணு ஒவ்வொன்றும் நீண்ட நூல் போன்றது. செய்தியானது அந்நூலின் வழியே மின்சார அலையாக ஓடி நுனியை அடைகிறது. ஆனால் ஒரு நரம்பின் நுனி அடுத்த நரம்பைத் தொடுவதில்லை. இடையில் ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே அதன் அகலமாகும். அவ்வளவு சிறியதாயினும், பெரும்பாலான இடங்களில் மின்சாரம் அதனைத் தாண்டுவதில்லை. ஓடையின் அக்கரையிலுள்ள கிராமத்திற்கு ஆள் மூலம் ஓலை அனுப்புவது போல, முதல் நரம்பின் நுனியிலிருந்து ஒருவித ரஸாயன வஸ்து சுரந்து, இடைவெளியைக் கடந்து, அடுத்த நரம்பைச் சேர்கின்றது. இதனைத் தூது வஸ்து எனலாம். இக்காலப் பாடநூல்கள் நரம்பியக்கடத்தி என்கின்றன. நரம்பின் கட்டளை ரஸாயனத்தின் மூலமாகவே உறுப்பைச் சேர்கின்றது என்பதை 1921-ஆம் வருஷத்தில் ஆட்டோ லோவி என்பவர் தவளையின் இதயத்தைக் கொண்டு நிரூபித்தார்.

திறவுகோல் ஒன்று, மடை பல

தூது வஸ்து அக்கரையைச் சேர்ந்ததும் யாது நடக்கின்றது? கரிசல் நாட்டாருக்குக் கண்மாயை உதாரணமாகக் காட்டினால் போதுமானது. நரம்பு அணுவின் தோலில் எண்ணிறந்த சிறு மடைகள் உள்ளன. ஒவ்வொரு மடைக்கும் ஒரு பூட்டு உண்டு. தூது வஸ்துவே அப்பூட்டின் திறவுகோல். சில மடைகள் திறந்தால் சோடியம் என்னும் உப்புச்சத்து உள்ளே பாயும். நரம்பு உடனே கிளர்ச்சியடையும். வேறு சில மடைகள் திறந்தால் குளோரைடு என்னும் சத்து உள்ளே பாயும், நரம்பு அடங்கிப்போம். வேலை முடிந்ததும் திறவுகோலை அகற்றிவிட வேண்டும். அகற்றாவிடில் மடை திறந்தபடியே கிடக்கும். அகற்றுவதற்கென்று தனியான ஏற்பாடுகள் சரீரத்தில் உண்டு.

இங்கே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றிருக்கின்றது. இன்ன வஸ்து நரம்பைக் கிளப்பும், இன்ன வஸ்து நரம்பை அடக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பலன் திறவுகோலைப் பொறுத்ததன்று, அது திறக்கும் மடையைப் பொறுத்தது. இதனைத் தெளிவாகக் காட்டியது கடல்முயலே. அதனுடைய ஒரே நரம்பு அணு அசிட்டைல்கோலின் என்னும் ஒரே வஸ்துவைச் சுரக்கின்றது. அதனைப் பெறும் நரம்புகளுள் ஒன்று கிளர்ச்சியடைகின்றது, மற்றொன்று அடங்குகின்றது. மட்டியின் இதயத்தில் அசிட்டைல்கோலின் பட்டால் துடிப்புக் குறையும். செரோட்டோனின் பட்டால் துடிப்பு விரையும். மனிதனுடைய கை கால் தசைகளையோ அதே அசிட்டைல்கோலின்தான் முடுக்கி அசைக்கின்றது.

பூச்சிகளில் ஏற்பாடு வேறு. அவற்றின் மூளையிலும் நடு நரம்பிலும் அசிட்டைல்கோலின் தூது செல்கின்றது. தசையை முடுக்குவது குளூட்டமேட் என்னும் வேறொரு வஸ்து. கிளர்ச்சியை அடக்குவதற்குக் காபா என்னும் வஸ்து உண்டு. அது அடக்கும் தூது என்பது நண்டினத்தைச் சேர்ந்த நன்னீர்ப் பிராணியொன்றை ஆராய்ந்தே 1957-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. மனிதனுக்கும் அதுவே அடக்கும் தூது. இவையன்றி ஆக்டோபமைன் என்று ஒன்றுண்டு. ஆக்டோபஸ் என்னும் எண்கால் கடற்பிராணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் முதலில் கண்டபடியால் அதற்கு அப்பெயர். மனிதனுக்கு அச்சத்திலும் ஓட்டத்திலும் அட்ரினலின் செய்யும் வேலையைப் பூச்சிக்கு இது செய்கின்றது. வெட்டுக்கிளி பறக்கத் தொடங்கும்போது இது மிகுகின்றது. வேலியோரத்து மின்மினியின் விளக்கை ஏற்றுவதும் இதுவே. மாடுகளின் மேல் உண்ணிக்குத் தடவப்படும் அமிட்ராஸ் மருந்து இந்த ஆக்டோபமைன் பூட்டையே பிடிக்கின்றது.

கடல்முயலின் வாலில் வலி உண்டாக்கினால் அதன் உடலில் செரோட்டோனின் சுரந்து, மற்ற நரம்புகள் முன்னிலும் அதிகமாகத் தூது வஸ்துவை வெளியிடும்படி செய்கின்றது. அதனால் சிறிது தொட்டாலும் அப்பிராணி செவுளை விரைவாக உள்ளிழுத்துக்கொள்கின்றது. பட்டதை நினைவில் வைத்தல் என்பதன் ஆரம்பம் இதுவே என்று எடுத்துக்காட்டிய எரிக் கண்டல் என்பவருக்கு 2000-ஆம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது. பயிருக்கு இதனால் நேரான உபயோகம் இல்லையாயினும், நத்தைதானே என்று இகழ்வது தகாது என்பதற்காக இங்கே எழுதப்பட்டது.

மருந்து எங்கே பிடிக்கின்றது

இனி மருந்துகளைப் பார்ப்போம். முற்காலத்தில் அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் புகையிலைக் கஷாயம் தெளிப்பது வழக்கம். புகையிலையிலுள்ள நிகோடின் கள்ளத் திறவுகோல் ஆகும். அசிட்டைல்கோலின் பூட்டில் அது நுழைந்து மடையைத் திறந்துவிடும். அகற்றும் ஏற்பாடு அதனை அகற்ற மாட்டாது. நரம்பு ஓயாமல் துடித்துப் பின் செயலற்றுப்போம். 1990-களில் விற்பனைக்கு வந்த இமிடாகுளோபிரிட்டும், பின்னர் வந்த தயாமீத்தாக்சாமும் இதே பூட்டுக்குச் செய்த நூதனத் திறவுகோல்களே. அவை மனிதனுடைய பூட்டைவிடப் பூச்சியின் பூட்டில் நன்றாகப் பொருந்தும்படி அமைந்தவை. தேனீயும் பூச்சியே என்பதை இவற்றை உபயோகிப்போர் மறக்கலாகாது.

மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், குவினால்பாஸ், புரபெனோபாஸ், அசிபேட் முதலியவை கள்ளத் திறவுகோல்களல்ல. அசிட்டைல்கோலினை அகற்றும் நொதி ஒன்றுண்டு; அதன் ஒரு துகள் ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் துகள்களைச் சிதைக்க வல்லது. இம்மருந்துகள் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகின்றன. மெய்யான திறவுகோல்களே பூட்டில் நிறைந்து கிடக்க, மடை மூடாமல் நரம்பு அழிகின்றது. இவ்வளவு பெயர்களும் ஒரே வேலையைச் செய்பவை என்பதே இதில் அறியவேண்டியது.

எண்டோசல்பான், காபா என்னும் அடக்கும் தூதுக்குரிய மடையை அடைத்துவிடும் மருந்து. அடக்குவாரின்றிப் பூச்சி வலிப்புக் கண்டு சாகும். மனிதனுக்கும் அதே மடை இருப்பதால் அவனுக்கும் வலிப்பு வரும். 2011-ஆம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அதனைத் தடை செய்தது. பிப்ரோனில் பிடிக்கும் மடையும் இதுவே; ஆயினும் அது பூச்சியின் மடையை மிகுதியாகவும் மனிதனுடையதைக் குறைவாகவும் பற்றுவது.

எமாமெக்டின் பென்சோயேட்டின் சரித்திரம் சுவையானது. ஜப்பான் தேசத்தில் சதோஷி ஓமுரா என்பவர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரின் கசிவிலிருந்து அவர்மெக்டின் என்னும் வஸ்து கிடைத்தது; அதற்காக அவரும் வில்லியம் காம்பெல் என்பவரும் 2015-ஆம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்றனர். ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கப் போடும் ஐவர்மெக்டினும், படைப்புழுவுக்குத் தெளிக்கும் எமாமெக்டினும் அதன் வழிவந்தவை. இவை பிடிக்கும் மடை குளூட்டமேட்டால் திறந்து குளோரைடை உள்ளே விடும் மடையாகும். இம்மடை பூச்சி, புழு, நத்தை முதலிய முதுகெலும்பற்ற ஜந்துக்களுக்கு மாத்திரமே உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் கிடையாது. ஆட்டின் வயிற்றிலுள்ள புழு சாக, ஆடு பிழைப்பதன் இரகசியங்களுள் முக்கியமானது இதுவே. அதனால் எமாமெக்டின் அபாயமற்றது என்று கொள்ளலாகாது. அளவு மீறினால் காபா மடை முதலியவற்றையும் அது பற்றும்.

ஸ்பினிட்டோரமும் மண்ணிலுள்ள நுண்ணுயிர் வழியாகக் கிடைத்த மருந்தே. அது அசிட்டைல்கோலின் மடையைப் பிடிப்பினும், நிகோடின் நுழையும் துவாரத்தில் நுழையாமல் வேறோர் இடத்தைப் பற்றுகின்றது. சைபர்மெத்ரின் முதலிய பைரித்ராய்டுகள் இடைவெளிக்கே வருவதில்லை. நரம்பு நூலிலுள்ள சோடியம் மடையை மூடவொட்டாமல் தடுக்கின்றன. பழைய டி.டி.டி. மருந்தும் அவ்விடத்தையே பிடித்தது. குளோராண்ட்ரனிலிப்ரோல் என்பதோ நரம்பை விட்டுத் தசையினுள் சென்று, அங்குள்ள சுண்ணாம்புச்சத்தின் மடையைத் திறந்துவிடுவது. புழுவின் தசை இறுகி, வாய் அசையாமல் போகும்.

பூட்டை மாற்றவேண்டிய அவசியம்

ஒரு காட்டிலுள்ள இலட்சக்கணக்கான புழுக்களுள் சிலவற்றிற்குப் பூட்டின் அமைப்புப் பிறவியிலேயே சிறிது மாறியிருக்கும். மருந்து அதில் பொருந்தாது. மற்றவை சாக, அவை பிழைத்து அந்தாகி முட்டையிடும். படைப்புழுவின் தாய் அந்து ஆயிரத்திற்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது; வெப்பகாலத்தில் சுமார் 30 நாளில் ஒரு தலைமுறை முடிகின்றது. நூறு நாள் மக்காச்சோளத்தில் மூன்று தலைமுறைகள் கழியும். மூன்று தலைமுறைக்கும் ஒரே பூட்டைப் பிடிக்கும் மருந்தை அடித்தால், பிழைக்கத் தெரிந்த புழுக்களை விவசாயியே பொறுக்கி வளர்த்தவராகின்றார். பருத்தியில் இது நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் வந்த பைரித்ராய்டுகள் பச்சைக் காய்ப்புழுவை முதலில் நன்றாக அடக்கின. 1987-ஆம் வருஷத்தில் ஆந்திரத்துக் கடலோர ஜில்லாக்களில் எத்தனை முறை அடித்தும் அப்புழு சாகாமல் பயிர் அழிந்தது. பெயரை மாற்றி மாற்றி அடித்தவர்கள் பூட்டை மாற்றவில்லை.

ஆகையால் கடையில் கேட்கவேண்டியது மருந்தின் ரஸாயனப் பெயர். அது டப்பாவின் மேல் சிறிய எழுத்திலாவது அச்சிடப்பட்டிருக்கும். மருந்துகள் பிடிக்கும் இடத்தைக் கொண்டு உலக அளவில் அவற்றிற்குத் தொகுதி எண்கள் கொடுக்கப்பட்டுள்ளன. நொதியைக் கட்டுபவை 1, காபா மடையை அடைப்பவை 2, பைரித்ராய்டுகள் 3, நிகோடின் பூட்டைப் பிடிப்பவை 4, ஸ்பினிட்டோரம் 5, எமாமெக்டின் 6, குளோராண்ட்ரனிலிப்ரோல் 28. இவ்வெண்களை வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் நன்று. இரண்டு மருந்தைக் கலந்து ஒரே டப்பாவில் விற்பதும் இப்பொழுது மிகுந்துவிட்டது. அவற்றில் இரண்டு பெயர்களையும் பார்க்கவேண்டும்.

மக்காச்சோளத்திற்கு இதனைப் பொருத்துவது எப்படியெனில், கோடை உழவு செய்து மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டுதல் முதற்காரியம். கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடலாம். உளுந்தை ஊடுபயிராக விதைப்பது அனுகூலம். ஸயன்ட்ரனிலிப்ரோலும் தயாமீத்தாக்சாமும் கலந்த விதைநேர்த்தி மருந்தைக் கிலோ விதைக்கு 6 மில்லி வீதம் சேர்த்திருந்தால் இளம்பயிருக்குச் சில வாரம் பாதுகாப்பு உண்டு. அது 28, 4 என்னும் தொகுதிகளைச் சேர்ந்ததாகையால், அடுத்த தெளிப்பு வேறு தொகுதியாயிருத்தல் உசிதம். லிட்டர் தண்ணீருக்கு ஸ்பினிட்டோரம் 11.7 எஸ்.சி. 0.5 மில்லி, அல்லது எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. 0.4 கிராம் போதுமானது. விதைநேர்த்தி செய்யாதவர் குளோராண்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. 0.4 மில்லியை முதலில் தெளித்து, பிறகு அவசியமானால் எமாமெக்டினுக்கு மாறலாம். புழு குருத்துக்குள் இருப்பதால் தெளிப்பும் குருத்துக்குள்ளேயே விழவேண்டும். மாலை நேரமே தக்கது. ஆண் பூ வெளிவந்த பின் மருந்தடிப்பதில் செலவுக்கேற்ற பலன் இல்லை. அப்பொழுது கையால் பொறுக்குவதே நலம்.

இன்னொரு வீண்செலவும் தடுக்கப்படவேண்டும். பழைய மருந்துகள் அடித்த சில நாழிகைக்குள் புழு துள்ளி விழும். எமாமெக்டினும் குளோராண்ட்ரனிலிப்ரோலும் அவ்விதம் செய்வதில்லை. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாவதற்கு இரண்டு முதல் நான்கு நாள் செல்லும். மறுநாள் காலையில் உயிருள்ள புழுவைக் கண்டு, மருந்து போலியென்று கடைக்காரரோடு வழக்காடி, மறுபடியும் மானோகுரோட்டோபாஸ் வாங்கி அடித்தவர்கள் உண்டு. பார்க்கவேண்டியது புழுவின் உயிரையன்று. குருத்தில் புதிய எச்சம் விழுகின்றதா என்பதையே.

நத்தைக்கு இம்மருந்துகளை வாங்குவது பயனற்றது. தோட்டக்காலில் மழைநாளில் நத்தை மிகுந்தால், நனைத்த சாக்கை இரவில் விரித்து, காலையில் அதனடியில் ஒதுங்கியவற்றைப் பொறுக்கி உப்புநீரில் இடலாம். மெட்டால்டிஹைடு குருணை நத்தைக்கென்றே உள்ளது. அது பட்ட நத்தை வழவழப்பான கசிவை மிகுதியாகக் கக்கி நீர்வற்றிச் சாகும். நாய் தின்றால் நாயும் சாகும்.

மனிதனுக்கும் உள்ள பூட்டு

நொதியைக் கட்டும் முதல் தொகுதி மருந்துகளைப் பற்றி விவசாயிகளும் கிராம நிர்வாக அலுவலர்களும் விசேஷமாகக் கவனிக்கவேண்டும். பூச்சியிடமுள்ள அந்த நொதி மனிதனிடமும் உண்டு; பூச்சியைக் காட்டிலும் அதிக இடங்களில் உண்டு. மனிதனுடைய தசை, உமிழ்நீர்ச் சுரப்பி, குடல், கண்மணி, நுரையீரல் யாவற்றிலும் அசிட்டைல்கோலின் தூது செல்கின்றது. ஆகவே விஷம் ஏறினால் எச்சில் வழியும், கண்ணீர் பெருகும், வியர்க்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், சதை துடிக்கும், மூச்சுக்குழலில் நீர் நிறைந்து மூச்சுத் திணறும். 2013-ஆம் வருஷம் ஜூலை மாதம் பிகாரில் சாரண் ஜில்லாப் பள்ளியொன்றில் மதிய உணவில் மானோகுரோட்டோபாஸ் கலந்துபோய் 23 குழந்தைகள் இறந்தனர். 2017-ஆம் வருஷத்தில் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டனர். அங்கே பல மருந்துகளைச் சேர்த்துக் கலக்கி, ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்த செடிகளினிடையே நின்று தெளித்தார்கள். நமது மக்காச்சோளமும் ஆளுயரம் வளர்வதே.

மானோகுரோட்டோபாஸ் காய்கறிகளுக்கு 2005-ஆம் வருஷத்திலேயே விலக்கப்பட்டது; 2023-ஆம் வருஷத்தில் மத்திய அரசு அதன் 36 சதவீதத் திரவத்தை நிறுத்த உத்தரவிட்டு, இருப்பைத் தீர்க்க ஓராண்டு தவணை கொடுத்தது. ஆயினும் பழைய பாட்டில்கள் பரணிலும் மோட்டார் ரூமிலும் கிடக்கக்கூடும். காலிப் பாட்டிலில் எண்ணெய் வாங்குதலும், மருந்து கலக்கிய வாளியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுதலும் கூடவே கூடா. தெளிப்பவர் காற்று வீசும் திசைக்கு எதிர்முகமாக நடவாமல், முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி அணிந்து வேலை செய்யவேண்டும். மருந்து தோலின் வழியாகவும் உள்ளே செல்லும்.

விஷம் பட்டவரின் உடைகளைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். கழுவுவோர் தம் கைகளில் மருந்து படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புளிக்கரைசல், சாணிக்கரைசல் முதலியன புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது மூச்சுக்குழலை அடைத்துவிடும். மருந்து டப்பாவையோ அதன் சீட்டையோ கூடவே எடுத்துச் செல்வது அவசியம். முதல் தொகுதி மருந்தாயின், வைத்தியர் அட்ரோபின் ஊசி போடுவார். அது சுரப்பிகளிலும் நுரையீரலிலும் உள்ள அசிட்டைல்கோலின் பூட்டுகளை மூடி மறைத்து, மிகுந்து நிற்கும் தூது வஸ்து அவற்றில் நுழையாமல் காப்பது. நொதியின் கட்டை அவிழ்க்கப் பிராலிடாக்சிம் என்னும் மருந்தும் உண்டு. அது நேரம் கடந்தால் பலிக்காது. வலிப்பு உண்டாக்கும் இரண்டாம் தொகுதி மருந்துக்கு இவ்விரண்டும் முறிவல்ல. அங்கே சிகிச்சையே வேறு. இன்ன பூட்டு என்று தெரிந்தாலன்றி இன்ன ஊசி என்று வைத்தியர் விரைவில் தீர்மானிக்க இயலாதாகையால், நோயாளியோடு வண்டியில் ஏறுபவர் கையில் அந்த டப்பா இருக்கின்றதா என்று பார்த்தே வண்டியை விடவேண்டும்.